குட்டமும் படர்தாமரையும்: தோல், நகநோய்ப் பெயர்களின் வரலாறு

1. முன்னுரை

மக்களைப் பற்றும் பிணிகளுள் பிறர் கண்ணுக்கு முதற்கண் புலனாவன தோலிலும் நகத்திலும் தோன்றுவனவே ஆகும். வயிற்றுநோயும் தலைநோயும் உற்றவன் கூறினாலன்றிப் பிறர் அறியார். கையிலும் முகத்திலும் தோன்றிய வெண்ணிறத் திட்டையும் சிதைந்த நகத்தையும் அவன் மறைப்பினும் உலகம் காணும். கண்டு, அதற்கொரு பெயரும் இடும். அங்ஙனம் இட்ட பெயரே, அவன் மருந்து பெறுதலையும் மணம் பெறுதலையும் ஊரில் இடம் பெறுதலையும் வரையறுத்து வந்துள்ளது. ஆதலின் தோல்நோய்ப் பெயர்களின் வரலாறு அகராதித் தொகுப்போடு அமைவதன்று. மக்கள் வாழ்க்கையோடும் தொடர்புடையது.

இத்துறையில் தமிழில் இருவகைப் பெயர்கள் வழங்குகின்றன. ஒன்று, பல நோய்களைத் தன்னுள் அடக்கி நிற்கும் 'குட்டம்' என்னும் நூல்வழக்குப் பொதுப்பெயர். மற்றொன்று, படர்தாமரை, தேமல், சிரங்கு, சேற்றுப்புண், நகச்சுற்று என ஒவ்வொரு நோயையும் தனித்துக் காட்டும் உலகவழக்குப் பெயர். இவ்விரண்டனுள் முன்னது பல இடர்களுக்கு இடனாயிற்று என்பதையும், பின்னது பல்லாண்டுக் கூர்த்த நோக்கின் பயனாய் அமைந்தது என்பதையும் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம். ஒவ்வொரு பெயரையும் ஆராயுங்கால், அப்பெயருக்குரிய நோயின் இயல்பையும் அதனைப் போக்கும் முறையையும் இற்றை மருத்துவ அறிவுகொண்டு உடன் குறிப்பாம்.

2. இலக்கியங்களிற் காணும் நோக்கு

நாலடியாரில் 'தீவினையச்சம்' என்னும் அதிகாரத்தில் அமைந்த 123-ஆம் பாடல் தொழுநோயைக் கூறுகின்றது. உள்ளங்கை எஞ்சி நிற்க விரல்கள் அழுகிப்போதலை நோயின் அடையாளமாகக் கூறும் அப்பாடல், முற்பிறப்பில் நண்டின் காலை முரித்துத் தின்ற வினையே அதற்குக் காரணம் என்கின்றது. ஈண்டு இரண்டு செய்திகளைப் பிரித்துணர்தல் வேண்டும். விரல் குறைந்து கை எஞ்சுதல் என்பது நோயாளியை அருகிருந்து கண்டவர் கூற்று, அதிற் பிழையில்லை. காரணம் பற்றிய பகுதி அறங்கூறுதற்கு எழுந்தது. கண்ணாற் கண்ட உண்மையோடு வினைக்கொள்கை பிணைக்கப்பட்டமையின், நோயுற்றவன் நோயோடு பழியையும் சுமக்கலானான்.

சிலப்பதிகாரத்துள் இந்திரவிழவூரெடுத்த காதை காட்டும் நோக்கு வேறு. புகாரின் ஐவகை மன்றங்களுள் ஒன்றாகிய இலஞ்சி மன்றத்துப் பொய்கையில், கூனரும் குறளரும் ஊமரும் செவிடரும் உடல் அழுகியோரும் நீராடிக் குறை நீங்கி, நன்னிறம் பெற்று, வலஞ்செய்து செல்வர் என்பது அக்காதையின் செய்தி. இதனை மருத்துவச் சான்றாகக் கொள்ளல் பொருந்தாது. ஆயினும், உடல் அழுகியோரை ஊர்ப்புறத்தே தள்ளாது நகரின் பொதுவிடத்திற் பிறரோடு ஒருங்கு வைத்துப் பாடும் மனநிலை புலவர்க்கு இருந்தது என்பது பெறப்படும்.

பெரியபுராணத்துள் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணம், சுந்தரர் தம் மேனியிற் கண்ட பிணியைத் திருத்துருத்தியிற் குளத்து நீராடி நீங்கப் பெற்ற செய்தியைக் கூறும். புள்ளிருக்குவேளூர்க் குளத்தில் வெல்லம் கரைத்தலும், மரு முதலியன நீங்க உப்பும் மிளகும் இடுதலும் இன்றும் காணப்படும் வழக்கம். நோயுற்றாரை இறைவன்பால் அணுகச் செய்த மரபும், அவரைப் பழியுடையார் எனக் கொண்ட மரபும் இந்நாட்டில் ஒருங்கே நிலவின என்பது இவற்றால் விளங்கும்.

பழி கூறும் மரபு நகத்தையும் விட்டிலது. வடமொழி மனுநூல் 11-ஆம் அத்தியாயத்தில், பொன் திருடியவன் கெட்ட நகம் உடையவனாவான் என்றும், குருவின் மனைவியைக் கூடியவன் கெட்ட தோல் உடையவனாவான் என்றும் கூறுகின்றது. அந்நூலின் 3-ஆம் அத்தியாயம் கெட்ட நகமுடையோனைச் சிராத்தத்திற்கு அழைக்கத் தகாதார் வரிசையில் வைத்துள்ளது. நகம் கெடுதற்கு அடிபடுதலும் ஈரமும் பூஞ்சையும் காரணமாதலை அறிந்த நமக்கு, அந்நாளில் எத்துணைப் பேர் செய்யாத களவுக்குச் சான்றாகத் தம் விரல்களையே ஏந்தித் திரிந்திருப்பர் என்னும் எண்ணம் எழாமற் போகாது.

3. பதினெண் குட்டம்

'குட்டம்' என்பது ஆழம், குளம் என்னும் பொருளில் தமிழில் வழங்குவதொரு சொல். நோயைக் குறிக்கும் குட்டம் அதனின் வேறானது; 'குஷ்ட' என்னும் வடசொல்லின் தமிழ்வடிவம். ஓரொலியுடைமையால் இவ்விரண்டையும் ஒன்றென மயங்குதல் கூடாது.

சரகரும் சுசுருதரும் குட்டத்தைப் பதினெட்டு வகையாகப் பகுத்து, அவற்றுள் ஏழினைப் பெருங்குட்டம் எனவும் பதினொன்றினைச் சிறுகுட்டம் எனவும் கூறினர். தமிழ்ச் சித்தமருத்துவ நூலாகிய யூகி வைத்திய சிந்தாமணியும் பதினெண் குட்டங்களைப் பேசுகின்றது. இப்பதினெட்டனுள் இன்று தொழுநோய் எனப்படுவது ஒரு சிறு பகுதியே. படர்தாமரையை ஒத்த 'தத்ரு'வும், சிரங்கை ஒத்த 'பாமா'வும், கரப்பானை ஒத்த 'விசர்ச்சிகா'வும் அவற்றுள் அடங்கும். தத்ருவைச் சுசுருதர் பெருங்குட்டத்துள் வைக்க, சரகர் சிறுகுட்டத்துள் வைத்தார். பகுப்பின் எல்லை அந்நாளிலேயே உறுதிப்படவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

வெண்ணிறத் திட்டைகளைப் பற்றிச் சுசுருதர் கூறுவது ஈண்டுப் பெரிதும் கருதத்தக்கது. 'கிலாசம்' எனப்படும் அந்நோயும் குட்டத்தின் ஒரு வேறுபாடே என்று கூறும் அவர், அது தோலளவில் நிற்பது, நீர் கசியாதது என்று வேற்றுமையும் உடன் காட்டினார். நூலாசிரியர் காட்டிய வேற்றுமை ஏட்டில் நின்றது. பொதுப்பெயர் மட்டும் மக்களிடம் சென்றது. 'வெண்குட்டம்' என்னும் பெயர் அவ்வாறு நிலைபெற்றதே. நகச்சுற்றை ஒத்த 'சிப்பம்', நகம் கருத்துக் கெடுதலாகிய 'குநகம்' ஆகியவற்றைச் சுசுருதர் குட்டத்துட் சேர்க்காது சிறுநோய்களுள் வைத்தார். மருத்துவர் சிறுநோய் என்றதனையே அறநூலார் பெரும்பழியின் அடையாளம் என்றனர் என்பது ஒப்புநோக்கற்பாலது.

4. உலகவழக்குப் பெயர்கள்

இனி, ஊர்மக்கள் இட்ட பெயர்களை நோக்குவாம். அவை வடிவு, இடம், காரணம், குணம் என்பனவற்றுள் ஒன்றைப் பற்றி எழுந்தனவாகக் காணப்படுகின்றன.

படர்தாமரை வடிவு பற்றிய பெயர். வட்டமாய் எழுந்து, ஓரம் சிவந்து, நடுவிடம் தெளிந்து, நாளும் விரிவது அந்நோய். 'வண்டுகடி' என்பதும் அதற்கொரு பெயர். அதனாலேயே அந்நோய்க்கு அரைத்துப் பூசும் சீமையகத்திக்கு 'வண்டுகொல்லி' என்னும் பெயர் அமைந்தது. சீமையகத்தி அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த செடியாதலின், அவ்வழக்கம் பிற்காலத்தது என்பது தேற்றம். இந்நோய் வண்டினால் விளைவதன்று. தோலின் மேற்படலத்தில் வாழும் பூஞ்சையால் விளைவது. வியர்வை, இறுகிய உடை, ஒருவர் துணியைப் பிறர் உடுத்தல் ஆகியவை இதனைப் பரப்பும். பூஞ்சைகொல்லி மருந்தைத் திட்டை மறைந்த பின்னரும் மருத்துவர் குறித்த நாள்வரை இடுதல் வேண்டும். அரிப்பை உடனே அடக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைத் தாமே வாங்கி இடுவோர்க்கு நோய் உருமாறிப் பெருகுதலை இந்நாட்டுத் தோல்மருத்துவர்கள் அண்மைக் காலத்தில் மிகுதியாகக் கண்டு எச்சரித்து வருகின்றனர்.

இந்நோய் தொடையிடுக்கில் தோன்றியபோது, இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் அதனைத் 'தோபி அரிப்பு' என்றனர். வெப்பத்தாலும் வியர்வையாலும் தம் உடலிற் கண்ட நோய்க்குத் துணி வெளுத்தவனைக் காரணமாக்கிய பெயர் அது. பெயரிடுவோன் தன் பழியைப் பிறன்மேல் ஏற்றுதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டா.

சேற்றுப்புண் காரணமும் இடமும் ஒருங்கு உணர்த்தும் பெயர். நெடுநேரம் சேற்றில் நின்று நாற்று நடுவோர்க்குக் கால்விரல் இடுக்கில் தோல் வெளுத்து ஊறிப் பிளத்தலை இது குறிக்கும். மருதாணி இலையும் மஞ்சளும் அரைத்து இடுதல் பழைய வழக்கம். ஈரமே தோலின் காப்பைச் சிதைத்துப் பூஞ்சைக்கு இடந்தருகின்றது என இன்று அறிகின்றோம். எனவே, மருந்தினும் முற்பட்ட செயல், விரலிடுக்கை ஒவ்வொரு நாளும் நன்கு துடைத்து உலர்த்துதலாம். காரணத்தைப் பெயரிலேயே வைத்தவர், தடுக்கும் வழியையும் உடன் வைத்தாராயினர்.

சொறி என்பது நோயாளி செய்யும் செயலால் நோயை உணர்த்துகின்றது. சொறிசிரங்கு என இணைத்து வழங்கும் இந்நோயைத் தோலுள் வளைதோண்டி வாழும் நுண்ணிய உண்ணி விளைவிக்கும். விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் இரவில் மிகும் அரிப்பு இதன் அடையாளம். அரிப்பு இல்லாதார் உட்பட வீட்டார் அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொள்ளாவிடின், தணிந்த நோய் மீண்டும் சுற்றி வரும்.

கரப்பான் என்பது அரிப்பும் நீர்க்கசிவும் உடையதாய்ப் பெரும்பாலும் குழவிப் பருவத்தில் தோன்றுவது. 'கரப்பான் பண்டம்' என்று, அந்நோயை மிகுவிக்கும் உணவுகளை விலக்கும் வழக்கமும் உண்டு. ஒரு சிலர்க்கு உணவொவ்வாமை இதனோடு தொடர்புடையதாயினும், தோலின் வறட்சியே பெரும்பாலார்க்கு முதற்காரணமாம். காரணம் அறியாது பல உணவுகளை ஒருங்கு விலக்குதல் குழவியின் வளர்ச்சிக்கே ஊறாதலின், தோலை ஈரப்பதத்தோடு காத்தலும் மருத்துவரை நாடுதலுமே தக்கன. இது பிறரைத் தொற்றுவதன்று.

நகச்சுற்று இடம் பற்றிய பெயர். நகத்தைச் சுற்றிய தோல் வீங்கிச் சீழ்க்கொண்டு தெறிக்கும் அந்நோய்க்கு, எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலிற் செருகுதல் நம் நாட்டில் அறியாதாரில்லை. நகத்தோரத் தோலைக் கடித்தலாலும் வெட்டுதலாலும் உண்டாகும் சிறு பிளவின்வழி நுண்ணுயிர் புகுவதே இதன் காரணம். தொடக்கத்தில் வெந்நீரில் விரலை நனைத்தல் நலம் தரும். சீழ் கட்டியபின் மருத்துவர் அதனை வெளியேற்றுதலே முறை. நீரிழிவு உடையார் காலந்தாழ்த்தல் கூடாது. நாள்முழுதும் நீரில் கைவைத்துத் தொழில் செய்வோர்க்கு இந்நோய் நாட்பட்டு நிற்கும். அவர்க்கு வேண்டுவது கையை உலர வைத்தலே.

நகச்சொத்தை, பல்லின் சொத்தையை ஒப்பிட்டு எழுந்த பெயர். நகம் தடித்து, மஞ்சளித்து, நொறுங்குதலைக் குறிக்கும் இதற்குப் பெரும்பாலும் பூஞ்சையே காரணம். ஆயினும் காளாஞ்சகப் படை முதலிய பிற நோய்களும் நகத்தை அவ்வாறே கெடுக்குமாதலின், நகத்துணுக்கைச் சோதித்து உறுதி செய்த பின்னரே மருந்துண்ணல் வேண்டும். கைந்நகம் திங்களுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டரே வளரும். எனவே, கைந்நகம் புதிதாய் முழுதும் வளர ஆறு திங்களும், கால்நகம் வளர ஓராண்டிற்கு மேலும் ஆகும். மருந்து பயன் தரவில்லை என்று இடையே கைவிடுவோர் பலர், நகம் வளரும் காலத்தைக் கருதாதவரே.

தேமல் என்னும் சொல்லின் பொருள்மாற்றம் தனியே கூறத்தக்கது. சங்கப் பாடல்களில் இளமகளிர் மேனியிற் படரும் 'சுணங்கு' அழகென்று போற்றப்படும். வேங்கைப்பூவை அதற்கு உவமை கூறுவர். அச்சொல்லுக்கு உரைகாரர் தந்த பொருள் 'தேமல்' என்பது. அழகின் பெயராக உரைகளில் நின்ற சொல், பின்னர் மார்பிலும் முதுகிலும் தோன்றும் வெளிறிய அல்லது கருகிய திட்டைகளைச் சுட்டும் நோய்ப்பெயராயிற்று. அதனை விளைவிக்கும் பூஞ்சை எல்லார் தோலிலும் இயல்பாய் உறைவது. வெப்பத்திலும் வியர்வையிலும் மிகுவது. பிறரைத் தொற்றும் அச்சத்திற்கு இடமில்லாதது. மருந்தால் பூஞ்சை நீங்கிய பின்னும் தோலின் நிறம் மீளப் பல வாரங்கள் ஆகும். மக்கள் தேமலைப் பெரும்பழியாகக் கருதாமைக்கு, அச்சொல்லின் பழம்பொருளும் ஒரு காரணமாகலாம் என்று யாம் கருதுகின்றோம்.

5. மேலைநாட்டு ஒப்புமை

பொதுப்பெயரால் விளைந்த மயக்கம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. யூதரின் திருமறையில் லேவியராகமம் 13, 14 ஆகிய அதிகாரங்கள் தூய்மை கெடுக்கும் ஒரு நிலையைக் கூறுகின்றன. அது மனிதர் தோலில் மட்டுமன்றி ஆடையிலும் வீட்டுச் சுவரிலும் தோன்றும் என்கின்றமையின், தொழுநோயை மட்டும் சுட்டியதாகாது. அம்மறையைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர், செதில் உதிரும் நோய்களுக்கு வழங்கிய 'லெப்ரா' என்னும் சொல்லை அதற்கு இட்டனர். கிரேக்க மருத்துவர் உண்மைத் தொழுநோய்க்கு வழங்கிய பெயர் வேறு. இடைக்காலத்தில் அரபு மருத்துவ நூல்களை இலத்தீனில் பெயர்த்தபோது 'லெப்ரா' என்பதே தொழுநோய்க்கும் பெயராக, மறைநூல் விதித்த விலக்கு முழுதும் அந்நோயாளர்மேல் வீழ்ந்தது. தமிழ் விவிலியத்தின் பழைய பெயர்ப்பு அவ்விடத்தில் 'குஷ்டரோகம்' என்னும் சொல்லை ஆண்டது. இங்ஙனம் இருவேறு நாட்டுப் பொதுப்பெயர்கள் ஒரு சொல்லில் வந்து கூடின.

இலண்டனில் இராபர்ட்டு வில்லான் என்பார் 1798 முதல் 1808 வரை வெளியிட்ட தம் நூற்பகுதிகளில், தோல்நோய்களைப் பரு, செதில், கொப்புளம் எனக் கண்ட வடிவு பற்றி வகுத்தார். நம் ஊர்மக்கள் படர்தாமரைக்குப் பெயரிட்ட நெறியும் இதுவே. ஆயினும், காளாஞ்சகப் படை எனத் தமிழிற் கூறப்படும் செதில்நோயின் ஒரு வகைக்கு 'லெப்ரா' என்னும் பெயரை அவரும் நீக்கவில்லை. 1841-இல் வியன்னாவில் ஹீப்ரா என்பார் அப்பெயரை விலக்கிய பின்னரே அந்நோயாளர் தொழுநோயின் நிழலினின்று விடுபட்டனர்.

சிரங்கின் வரலாறும் ஒரு பாடம் தரும். 1687-இல் இத்தாலி நாட்டுப் போனோமோ என்பார் ரெடி என்னும் அறிஞர்க்கு எழுதிய மடலில், சிரங்கை விளைவிக்கும் உண்ணியை வரைந்து காட்டினார். அவரை ஆராயத் தூண்டியது, ஏழைப் பெண்டிர் தம் குழவிகளின் தோலினின்று ஊசிமுனையால் எதனையோ எடுக்கும் வழக்கம். குருதிக் கேட்டையே காரணமாகக் கொண்ட மருத்துவர் உலகம் அதனை நெடுங்காலம் ஏற்கவில்லை. 1834-இல் கார்சிகாத் தீவினராகிய ரெனூச்சி என்னும் மாணவர், தம் ஊர்ப் பெண்டிர் செய்யக் கண்ட அம்முறையைப் பாரிசு மருத்துவமனையில் செய்து காட்டிய பின்னரே ஐயம் ஒழிந்தது. கற்றோர் மறுத்ததனை ஊசி பிடித்த தாயர் முன்னரே அறிந்திருந்தனர்.

6. தொழுநோயும் சட்டமும்

1873-இல் நார்வே நாட்டு ஹான்சன் தொழுநோயின் நுண்ணுயிரைக் கண்டறிந்தார். வினைப்பயன் என்னும் கொள்கைக்கு அத்துடன் முடிவு வந்திருத்தல் வேண்டும். வந்திலது. 1898-இல் இந்திய அரசு இயற்றிய தொழுநோயாளர் சட்டம், வறியராய்த் திரியும் நோயாளரைப் பிடித்துக் காப்பிடங்களில் அடைக்க வழிசெய்தது. செல்வருக்கு நோயாக இருந்தது வறியருக்குக் குற்றமாயிற்று.

மருத்துவநிலை மாறிய வரலாற்றில் தமிழகத்திற்குச் சிறந்த இடம் உண்டு. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் இயங்கிய தொழுநோய் நிலையத்தில் இராபர்ட்டு காக்கிரேன் பணிபுரிந்தார். அந்நிலையம் 1955-இல் நடுவணரசின் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாயிற்று. 1946-இல் வேலூருக்கு வந்த பால் பிராண்டு, நோயாளரின் விரல் குறைதற்குரிய வழியை ஆராய்ந்தார். விரல்கள் தாமே அழுகி விழுவதில்லை. நரம்பு கெட்டு உணர்ச்சி அற்ற கை, சுடுகலத்தையும் கூர்ங்கருவியையும் அறியாது பற்றிப் புண்படுகின்றது. புண் ஆறாது எலும்பு குறைகின்றது என்பது அவர் ஆய்வின் பயன். நாலடியார் கண்ட காட்சி மெய். அதன் காரணமாகிய உணர்ச்சியிழப்பு வேலூரில் தெளிவாயிற்று. காரணம் தெளிந்தவுடன், கையைக் காத்தலும் மடங்கிய விரலை அறுவையால் நிமிர்த்தலும் கைகூடின.

நீரடிமுத்து எண்ணெயையே நம்பியிருந்த மருத்துவம், 1940-களில் சல்போன் மருந்துகளைப் பெற்றது. 1981-இல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டுமருந்து முறையால் தொழுநோய் முற்றும் குணப்படும் நோயாயிற்று. 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் நீக்கப்பட்டது. தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாகக் கூறிய விதிகள் 2019-இல் நீக்கப்பட்டன. நோய் தீரும் வழி கண்ட பின்னரும் பெயரின் பழி சட்டத்தினின்று நீங்க ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட காலம் சென்றது என்பது கருதற்பாலது.

7. வெண்குட்டமும் வெண்புள்ளியும்

பொதுப்பெயரின் தீமையை இன்றளவும் சுமந்து நிற்போர் வெண்ணிறத் திட்டை உடையோரே. தோலுக்கு நிறந்தரும் அணுக்களை உடலின் காப்பாற்றலே அழித்தலால் அது தோன்றுகின்றது. அது தொற்றுவதன்று, உணர்ச்சியை மாற்றாது, உறுப்பைக் குறைக்காது. தொழுநோய்த் திட்டையோ பெரும்பாலும் தொடுவுணர்ச்சி குன்றியது. முழுதும் பாலென வெளுப்பதுமன்று. சிறு பஞ்சிழை கொண்டு தொட்டறியத் தக்க இவ்வேற்றுமையை 'வெண்குட்டம்' என்னும் ஒரு சொல் மறைத்துவிட்டது. அச்சொல்லால் மணம் தடைப்பட்ட மகளிரையும், பணியிடத்தில் ஒதுக்கப்பட்ட ஆடவரையும் அறியாத ஊர் தமிழகத்தில் இராது. வெண்படை என்னும் பழம்பெயரும், அண்மையில் வழக்கூன்றிவரும் வெண்புள்ளி என்னும் பெயரும் அப்பழியினின்று விலகி நிற்பன.

மறுதலையாக, உணர்ச்சி குன்றிய திட்டையைத் தேமல் என்று கருதி வாளாவிருத்தலும் தீங்காம். பழிக்கு அஞ்சி மறைப்போரும் அறியாமையால் புறக்கணிப்போரும் மருந்தைக் காலத்திற் பெறாது கையுணர்வை இழக்கின்றனர். ஆதலின், பெயரைப் பிரித்தறிதல் இருபாலும் காப்பாகும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தோல், நகநோய்களைப் பொதுப்பெயருள் அடக்கியது நூல்மரபு என்பதும், அவற்றை வேறுபிரித்தறிந்தது உலகவழக்கு என்பதும் விளங்கும். உலகவழக்கு நோயின் காரணத்தை எப்போதும் அறிந்திலது. ஆயினும், வேறானவற்றை வேறெனக் கண்டது. காரணம் காணும் ஆராய்ச்சிக்கு முற்பட வேண்டுவது அவ்வேறுபாட்டுணர்ச்சியே.

மருத்துவக் கலைச்சொல் ஆக்குவோர்க்கு இதனால் இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. சேற்றுப்புண், படர்தாமரை, நகச்சுற்று போன்ற பொருள் தெளிந்த வழக்குச்சொற்களைக் கைவிட்டுப் புதுச்சொல் புனைதல் வேண்டா. குட்டம் என்னும் சொல்லைப் பழைய நூற்பொருள் விளக்கும் இடத்தன்றிப் பிறிதோரிடத்தும் ஆளுதல் கூடாது. சுவடிகளைப் பதிப்பிக்கும் ஆராய்ச்சி மாணவர்களும், 'குட்டம்' எனக் காணுமிடந்தோறும் 'தொழுநோய்' என்று குறிப்பெழுதாது, நூலுட் கூறிய அடையாளங்களை நோக்கி எந்நோய் எனத் தெளிதல் வேண்டும். ஒரு பொருட்குறிப்பில் நேரும் பிழை, ஏட்டோடு நில்லாது, கையில் ஒரு வெண்திட்டை கண்டு அஞ்சி நிற்கும் ஒருவரையும் சென்று சேரும்.